கணினி விளையாட்டில் ஒலி: ஒலி அட்டை, ஹெட்போன் ஆகியவற்றின் வரலாறும் தேர்வும்

கணினி விளையாட்டு ஒலி என்பது கணினியில் ஆடப்படும் விளையாட்டுகளில் கேட்கும் இசை, குரல், காலடி ஓசை, வெடியோசை முதலியவற்றையும், அவற்றை உருவாக்கிக் காதுக்குக் கொண்டுசேர்க்கும் கருவிகளையும் குறிக்கும். இக்கருவிகளுள் முதன்மையானவை இரண்டு. எண்களாகச் சேமிக்கப்பட்ட ஒலியை மின் அலையாக மாற்றுவது ஒலி அட்டை. பேச்சு வழக்கில் இதைச் சவுண்ட் கார்டு என்பர். அந்த மின் அலையைக் காதருகே காற்றின் அதிர்வாக மாற்றுவது ஹெட்போன்.

1980களின் இறுதி தொடங்கி 2000களின் முற்பகுதி வரை ஒலி அட்டை தனியே விலை கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டிய பொருளாக இருந்தது. இன்று அதன் வேலையைத் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லு செய்கிறது. தருமபுரி மாவட்டத்தில் அரசு வழங்கிய மடிக்கணினியை வைத்திருக்கும் மாணவரிடமும், 1990களில் வசதி படைத்தவர்கள் மட்டுமே வாங்க முடிந்த அட்டைகளைவிடத் தெளிவான ஒலி வெளியீடு இருக்கிறது. ஆகவே கையிலுள்ள பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற கேள்விக்கான விடை இந்த முப்பது ஆண்டுகளில் மாறிவிட்டது. அம்மாற்றம் நடந்த விதத்தையும், அதன்பின் எஞ்சியுள்ள தேர்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒலி அட்டைக்கு முந்தைய காலம்

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகத்து மாதம் அறிமுகப்படுத்திய தனிமேசைக் கணினி அலுவலகப் பணிக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் பெட்டிக்குள் ஒரு சிறிய ஒலிபெருக்கி மட்டுமே இருந்தது. இன்டெல் 8253 என்ற நேரக்கணிப்புச் சில்லு அதை இயக்கியது. மின்சாரத்தைத் திறந்தும் மூடியும் சதுர வடிவ அலை ஒன்றை உண்டாக்குவதே அதன் முறை. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே கேட்கும். ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. தட்டச்சில் பிழை நேர்ந்தால் பயனரை எச்சரிக்க அது போதுமானதாக இருந்தது, விளையாட்டுக்குப் போதவில்லை.

அதே காலத்தில் வீட்டுப் பயன்பாட்டுக்கெனச் செய்யப்பட்ட கணினிகள் ஒலியில் முன்னே இருந்தன. 1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியில் மூன்று குரல்களை ஒருசேர எழுப்பும் சிட் என்ற ஒலிச்சில்லு இருந்தது. அதைவிடப் பன்மடங்கு விலை கொண்ட ஐபிஎம் கணினி ஒரே சுரத்தில் 'பீப்' என்று ஒலித்தது. இந்த இடைவெளியை நிரப்பவே ஒலி அட்டை தோன்றியது.

அதிர்வெண் பண்பேற்றமும் ஆட்லிப் அட்டையும்

அக்காலத்தில் இசையைப் பதிவு செய்து கணினியில் வைப்பது இயலாத செயலாக இருந்ததற்குச் சேமிப்பிடமே காரணம். குறுவட்டுத் தரத்தில் ஒரு நொடி ஒலிக்கு 44,100 மாதிரிகள், இரண்டு தடங்கள், மாதிரிக்கு 2 பைட் என 1,76,400 பைட் வேண்டும். 1.44 மெகாபைட் நெகிழ்வட்டு ஒன்றில் அவ்வகையில் எட்டு நொடிகளுக்குச் சற்றே மிகுந்த ஒலிதான் அடங்கும். எனவே ஒலியைச் சேமிப்பதற்குப் பதிலாக, அதை உருவாக்கும் குறிப்பை மட்டும் சேமிக்கும் முறை தேவைப்பட்டது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்றத் தொகுப்பு இதற்கு வழி செய்தது. ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையைக் கொண்டு மிக வேகமாக அசைத்தால், இரண்டிலும் இல்லாத பல துணைச் சுரங்கள் பிறக்கின்றன. மணி, குழல், தந்தி ஆகிய ஓசைகளுக்கு நெருக்கமான ஒலிகளை இவ்வாறு மிகக் குறைந்த தரவுகொண்டு எழுப்பலாம். தருமபுரி அகில இந்திய வானொலி நிலையம் போன்ற பண்பலை நிலையங்கள் ஒலியை ஊர்தோறும் கொண்டுசெல்வதும் அதிர்வெண் பண்பேற்றத்தால்தான். வானொலியில் ஒலியைச் சுமந்து செல்லப் பயன்படும் கொள்கை, இங்கு ஒலியைப் படைக்கப் பயன்பட்டது.

பல்கலைக்கழகம் இம்முறைக்கான உரிமத்தை ஜப்பானின் யமஹா நிறுவனத்துக்கு வழங்கியது. யமஹா 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7 என்ற விசைப்பலகை இசைக்கருவி உலகமெங்கும் பரவியது. அதே முறையில் இயங்கும் விலை குறைந்த சில்லு ஒன்றையும் அந்நிறுவனம் செய்தது. ஒய்எம்3812 என்ற அச்சில்லு ஒன்பது குரல்களை ஒருசேர எழுப்பவல்லது.

கனடாவின் கியூபெக் நகரில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவெல் தொடங்கிய ஆட்லிப் நிறுவனம் இந்தச் சில்லை ஓர் அட்டையில் பொருத்தி 1987இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் அதற்குப் பெரிய வரவேற்பில்லை. 1988இல் சியரா ஆன்லைன் நிறுவனம் வெளியிட்ட கிங்ஸ் குவெஸ்ட் 4 என்ற விளையாட்டு, ஆட்லிப் அட்டைக்கும் ஜப்பானிய ரோலண்டு நிறுவனத்தின் விலை மிகுந்த எம்டி-32 கருவிக்கும் ஏற்ப எழுதப்பட்ட இசையுடன் வந்தது. ஒரு விளையாட்டைக் கேட்பதற்காகவே புதிய கருவி வாங்கும் பழக்கம் இதையொட்டி வளர்ந்தது.

சிங்கப்பூரில் பிறந்த சவுண்ட் பிளாஸ்டர்

ஒலி அட்டை வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் ஆசியாவில் நிகழ்ந்தது. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில், நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த சிம் வோங் ஹூ என்பவர் இங் காய் வா என்ற நண்பருடன் சேர்ந்து 1981இல் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். சைனாடவுன் பகுதியில் இருந்த பேர்ல்ஸ் சென்டர் என்ற கட்டடத்தில் ஒரு சிறு கடையாக அது செயல்பட்டது. ஆர்மோனிகா இசைப்பதில் ஈடுபாடு கொண்ட சிம், பேசவும் பாடவும் கூடிய கணினியைச் செய்ய விரும்பினார். அவர் செய்த முழுக் கணினிகள் சந்தையில் நிற்கவில்லை. ஆனால் அவற்றுக்காக உருவாக்கிய ஒலித் தொழில்நுட்பம் நின்றது.

1987இல் கிரியேட்டிவ் மியூசிக் சிஸ்டம் என்ற அட்டையும், அடுத்த ஆண்டு அதே அட்டை கேம் பிளாஸ்டர் என்ற பெயரிலும் வெளிவந்தன. இவை ஆட்லிப்பை வெல்லவில்லை. 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் வென்றது. அதன் வெற்றிக்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, ஆட்லிப் அட்டையில் இருந்த அதே யமஹா சில்லு இதிலும் இருந்தது. ஆகவே ஆட்லிப்புக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் அனைத்தும் இதிலும் இசைத்தன. இரண்டாவது, பதிவு செய்த ஒலியையும் இது 8-பிட் தரத்தில் ஒலிக்கச் செய்தது. இசையுடன் மனிதக் குரலும் வெடியோசையும் சேர்ந்தன. மூன்றாவது, ஜாய்ஸ்டிக் இணைப்பதற்கான துளையும் இதே அட்டையில் அமைந்திருந்தது. அதுவரை ஜாய்ஸ்டிக்குக்குத் தனி அட்டை வாங்கியவர்களுக்கு ஒரு செலவும் கணினிக்குள் ஓர் இடமும் மிச்சமாயின.

1991இல் இரு தட ஒலி கொண்ட சவுண்ட் பிளாஸ்டர் புரோவும், 1992இல் குறுவட்டுத் தரமான 16-பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைத் தரும் சவுண்ட் பிளாஸ்டர் 16-உம் வந்தன. 1992இல் ஆட்லிப் நிறுவனம் திவாலானது. அதே ஆண்டு கிரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமானது. சிம் வோங் ஹூ 2023 சனவரியில் காலமானார்.

'சவுண்ட் பிளாஸ்டருக்கு இணக்கமானது' என்ற சொல் மற்ற நிறுவனங்களின் அட்டைகளிலும் அச்சிடப்படும் அளவுக்கு அது ஒரு தரமாயிற்று. எனினும் அக்கால அட்டைகளைப் பொருத்துவது எளிதாக இருக்கவில்லை. அட்டையின் முகவரி 220 எனவும், ஐஆர்கியூ எண் 5 அல்லது 7 எனவும், டிஎம்ஏ எண் 1 எனவும் பயனரே குறிப்பிட வேண்டும். அதே எண்ணை அச்சுப்பொறியோ வேறு அட்டையோ பயன்படுத்தினால் ஒலி வராது. சில வேளைகளில் கணினியே உறைந்துவிடும். ஒவ்வொரு விளையாட்டிலும் இவ்வெண்களைத் தனித்தனியே பதிய வேண்டியிருந்தது. விண்டோஸ் 95 இயங்குதளம் வந்தபின் இத்தொல்லை படிப்படியாகக் குறைந்தது.

இடத்தைச் சொல்லும் ஒலி

1993 டிசம்பரில் வெளிவந்த டூம் விளையாட்டில் ஒலிக்குப் புதிய பணி கிடைத்தது. எதிரி இடப்புறம் இருந்தால் ஒலி இடப்புறம் ஓங்கும். தொலைவில் இருந்தால் மங்கும். கண்ணுக்குத் தெரியாத எதிரியைக் காதால் அறிய முடிந்தது. இதன் ஒலிகள் 8-பிட், 11,025 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த தரத்திலேயே இருந்தன. இவ்விளையாட்டின் வெற்றி, ஆட்டத்தில் ஒலியின் தெளிவைவிடத் திசையே முதன்மையானது என்பதைக் காட்டியது.

மனிதர் ஒலியின் திசையை அறிவது மூன்று வழிகளில் நிகழ்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மறு காதை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடியின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தாமதமாகச் சேர்கிறது. உயர் சுரங்களைத் தலை மறைப்பதால் தொலைவிலுள்ள காதில் ஒலி மங்குகிறது. காது மடலின் மடிப்புகள், முன், பின், மேல், கீழ் என வரும் திசைக்கேற்ப ஒலியின் தன்மையைச் சற்றே மாற்றுகின்றன. இம்மூன்றையும் கணக்கிட்டு இரு காதுகளுக்கும் உரிய ஒலியைத் தனித்தனியே அளித்தால், இரண்டே ஒலிப்பான்களைக் கொண்டு சுற்றுப்புறம் முழுவதையும் உணர்த்தலாம்.

நாசா ஆய்வுகளோடு தொடர்புடைய இம்முறையை அமெரிக்காவின் ஆரியல் நிறுவனம் ஏ3டி என்ற பெயரில் 1990களின் பிற்பகுதியில் ஒலி அட்டைகளுக்குக் கொண்டுவந்தது. கிரியேட்டிவ் நிறுவனம் அறை, குகை, மண்டபம் ஆகியவற்றின் எதிரொலியைக் காட்டும் ஈஏஎக்ஸ் முறையுடன் 1998இல் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையை வெளியிட்டது. அதே ஆண்டில் வந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டு இரண்டையும் ஆதரித்தது. கிரியேட்டிவ் தொடுத்த காப்புரிமை வழக்கில் 1999இல் ஆரியல் வென்றது. ஆயினும் வழக்குச் செலவு உள்ளிட்ட சுமைகளால் 2000இல் அது திவாலாக, அதன் சொத்துகளைக் கிரியேட்டிவ் நிறுவனமே வாங்கியது.

ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மாற்று வடிவமாக 1999இல் தோன்றிய கவுண்டர்-ஸ்டிரைக், காலடி ஓசையைக் கேட்டு எதிரியின் இடத்தை ஊகிப்பதையே ஆட்டத்தின் அடிப்படைத் திறன்களுள் ஒன்றாக்கியது. பல கணினிகளை ஒரே அறையில் இணைத்து ஆடும் மையங்களில் அனைவரும் ஒலிபெருக்கி வைத்தால் ஒருவருக்கும் எதுவும் கேட்காது. எனவே அங்கே ஹெட்போன் இன்றியமையாததாயிற்று.

தாய்ப்பலகைக்குள் அடங்கிய அட்டை

இன்டெல் நிறுவனம் 1997இல் வகுத்த ஏசி'97 என்ற தரம், ஒலி மாற்றியைச் சிறு சில்லாகத் தாய்ப்பலகையிலேயே பதிக்க வழிசெய்தது. அதன் தொடக்ககாலப் பதிப்புகளில் இரைச்சல் மிகுதி. விளையாட்டு வேகத்தையும் அது சற்றுக் குறைத்தது. 2004இல் வந்த எச்டி ஆடியோ தரம் அக்குறைகளைப் பெருமளவு நீக்கியது. செயலிகளின் வேகம் பெருகியதால் ஒலிக் கணக்குகளுக்குத் தனி அட்டை தேவைப்படவில்லை. 2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இயங்குதளம், விளையாட்டுகள் ஒலி அட்டையின் வன்பொருளை நேரடியாகப் பயன்படுத்தி வந்த பழைய வழியை நீக்கியது. திசையைக் கணக்கிடும் வேலை விளையாட்டு மென்பொருளுக்கே மாறியது. தனி ஒலி அட்டைக்குச் சந்தையில் இருந்த முதன்மையான காரணம் அத்துடன் மறைந்தது.

தனி அட்டை இன்றும் விற்கப்படுகிறது. இசைப்பதிவு செய்வோருக்கும், உயர் மின்தடை கொண்ட ஹெட்போன் வைத்திருப்போருக்கும் அது பயன் தரும். விளையாட்டுக்கு மட்டும் எனில், பெரும்பாலானோருக்குத் தாய்ப்பலகையின் ஒலியே போதுமானது.

ஹெட்போனின் வளர்ச்சி

ஹெட்போன் ஒலி அட்டையைவிட மிகவும் பழையது. தொலைபேசி இணைப்பகப் பணியாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒற்றைக் காதுக்கான கருவியை அணிந்தனர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்டுவின் 1910 அளவில் தம் வீட்டிலேயே செய்த இரு காதுக் கருவியை அமெரிக்கக் கடற்படை வாங்கியது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1937இல் டிடி 48 என்ற ஹெட்போனை வெளியிட்டது. காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளைக் கொண்ட இவ்வமைப்பையே இன்றைய பெரும்பாலான ஹெட்போன்களும் பின்பற்றுகின்றன.

1958இல் ஜான் காஸ் இரு தட இசைக்கான ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்டி 414, பின்புறம் மூடப்படாத திறந்த வகையைப் பரவலாக்கியது. 1979இல் சோனியின் வாக்மேன் கருவியோடு வந்த எடை குறைந்த ஹெட்போன், அதைத் தெருவுக்கும் பேருந்துக்கும் கொண்டுவந்தது.

விளையாட்டு ஹெட்போன்கள் இவற்றின் வழிவந்தவையே. இணையம் வழி குழுவாக ஆடும் வழக்கம் பெருகியபின் அவற்றில் ஒலிவாங்கி சேர்ந்தது. பல மணி நேரம் கழற்றாமல் அணிவதால் எடை, அழுத்தம், மெத்தை ஆகியவை ஒலித்தரத்துக்கு இணையான முக்கியத்துவம் பெற்றன.

தருமபுரி மாவட்டத்தில் கணினியும் ஒலியும்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843. எழுத்தறிவு விகிதம் ஏறத்தாழ 68.5 விழுக்காடு, அப்போது மாநிலச் சராசரி ஏறத்தாழ 80 விழுக்காடு. வேளாண்மையையும், வெளியூர்களில் கூலி வேலையையும் நம்பிய குடும்பங்கள் மிகுந்த இம்மாவட்டத்தில் கணினி என்பது நெடுங்காலம் வீட்டுப் பொருளாக இல்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகத்து 15 அன்று தொடங்கியது. அதைத் தொடர்ந்து தமிழகத்தின் சிறு நகரங்களிலும் 'பிரவுசிங் சென்டர்' எனப்பட்ட இணைய மையங்கள் தோன்றின. தேர்வு முடிவு பார்ப்பதற்கும் விண்ணப்பம் நிரப்புவதற்கும் சென்ற இளைஞர்கள் பலர் கணினி விளையாட்டை முதலில் கண்டதும் இத்தகைய இடங்களில்தான்.

வீட்டுக்குள் கணினி நுழைந்ததில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை மாணவர்களும், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களும் மடிக்கணினி பெற்றனர். எல்காட் நிறுவனம் அவற்றைக் கொள்முதல் செய்தது. பென்னாகரம், அரூர், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களில் உள்ள பல குடும்பங்களுக்கு அதுவே வீட்டின் முதல் கணினி. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது.

இம்மடிக்கணினிகள் படிப்புக்காக வழங்கப்பட்டவை. விளையாட்டுக்கான திறன்மிகு வரைகலை அட்டை அவற்றில் இல்லை. ஆனால் ஒலியைப் பொறுத்தவரை 16-பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற எல்லையை அவை எளிதில் கடந்தவை. 1992இல் சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டைக்காகத் தனியே செலவிட்டுப் பெற்ற தரம், அரசு கொடுத்த கணினியின் ஓரத்துத் துளையில் விலையின்றி வந்து சேர்ந்தது.

2016இல் ஜியோ சேவை தொடங்கியபின் மலிவான இணையத் தரவு ஊர்களையும் எட்டியது. விளையாட்டு பெருமளவு கைப்பேசிக்கு மாறியது. பப்ஜி மொபைல் விளையாட்டை இந்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்தது. அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2021 சூலையில் வெளிவந்தது. இவ்விளையாட்டுகளிலும் காலடி ஓசையே உயிர்நாடி என்பதால், கைப்பேசியோடு ஹெட்போனும் ஆட்டக்கருவியாயிற்று.

இன்றைய தேர்வு

மேற்கண்ட வரலாற்றின் அடிப்படையில், ஒலிக்கான செலவில் பெரும்பகுதியை ஹெட்போனுக்கு ஒதுக்குவதே பொருத்தமானது. ஒலி அட்டை தேவையா என்பதை முதலில் சோதித்து அறியலாம். இருக்கும் துளையில் ஹெட்போனைச் செருகி, எதுவும் ஒலிக்காத நிலையில் கேட்க வேண்டும். இரைச்சலோ கீச்சொலியோ இல்லை எனில் தனி அட்டை வேண்டியதில்லை.

மேசைக் கணினியில் முன்புறத் துளையில் இரைச்சல் கேட்டால், பின்புறத்தில் உள்ள பச்சை நிறத் துளையில் செருகிப் பார்க்கலாம். முன்புறத் துளைக்குச் செல்லும் கம்பி வரைகலை அட்டைக்கு அருகே செல்வதால் இரைச்சலை ஏற்பது உண்டு. இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கும், நீலத் துளை வெளிக்கருவிகளின் ஒலி உள்ளீட்டுக்கும் உரியவை.

'ம்ம்ம்' என்ற தாழ்ந்த ரீங்காரம் கேட்டால் பெரும்பாலும் குற்றம் ஒலிச்சில்லில் இல்லை. இந்திய மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அளவிலானது. சுவரிலுள்ள பிளக்கில் எர்த் இணைப்புச் சரியாக இல்லாதபோது, கணினியின் மின்வழங்கியிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் கணினியின் உலோக உடலில் தேங்கி ஹெட்போனில் ரீங்காரமாகக் கேட்கிறது. கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் இலேசாகச் சுருக்கென்று உணர்வதும் இதனாலேயே. மடிக்கணினியில் சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் காரணம் உறுதியாகிறது. பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக்குகள் இன்னும் உள்ளன. அங்கு ஒலி அட்டை வாங்குவதற்கு முன் மின்பணியாளரைக் கொண்டு எர்த்தைச் சரிசெய்வது கணினிக்கும் உயிருக்கும் பாதுகாப்பு.

துளையே பழுதடைந்தாலோ இரைச்சல் நீங்காவிட்டாலோ, யூஎஸ்பி துளையில் செருகும் சிறு ஒலி மாற்றி போதும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் இது, முன்னாளைய ஒலி அட்டையின் வேலையை விரலளவுப் பெட்டியில் செய்கிறது. யூஎஸ்பி இணைப்புக் கொண்ட ஹெட்போன்களில் இந்த மாற்றி உள்ளேயே இருப்பதால் அவற்றுக்கு ஒலி அட்டை வாங்குவதில் பொருளில்லை.

ஹெட்போனைத் தேர்ந்தெடுக்கையில் பின்வருவன கருதத்தக்கவை.

மின்தடை: மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் 16 முதல் 32 ஓம் வரையிலான ஹெட்போன் ஏற்றது. 250 ஓம் அளவிலான பதிவுக்கூட வகைகளுக்குத் தனிப் பெருக்கி வேண்டும்.

திறந்த வகை, மூடிய வகை: திறந்த வகையில் ஒலி விரிந்து கேட்கும், காதில் வெப்பம் குறைவு. ஆனால் மின்விசிறி ஓசையும் வீட்டாரின் பேச்சும் உள்ளே வரும். மூடிய வகை வெளியோசையைத் தடுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் செயற்கைத் தோல் மெத்தை வியர்த்து நசநசக்கும். துணி மெத்தை அந்நாட்களுக்கு உகந்தது.

எடையும் அழுத்தமும்: 300 கிராமுக்குக் குறைந்த எடை நெடுநேர அணிதலுக்கு நல்லது. மெத்தை காது மடலின் மேல் அமராமல் அதைச் சுற்றி அமர வேண்டும். கண்ணாடி அணிவோர் கண்ணாடியுடன் குறைந்தது பத்து நிமிடமாவது அணிந்து பார்ப்பது நல்லது. முதல் நிமிடத்தில் இறுக்கமாகத் தோன்றாதது அரை மணி நேரத்தில் கன்னப்பொறியில் வலிக்கக்கூடும்.

இணைப்பு: ஒரே துளை உள்ள மடிக்கணினிக்கு நான்கு பட்டை கொண்ட 3.5 மில்லிமீட்டர் முனை பொருந்தும். இரு துளை உள்ள மேசைக் கணினிக்கு ஒலியையும் ஒலிவாங்கியையும் பிரிக்கும் கிளைக் கம்பி தேவை. புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் விரைவான ஆட்டங்களுக்கு அது ஏற்றதன்று. ஒலிவாங்கியை இயக்கியதும் பலவற்றில் ஒலித்தரமும் தாழ்கிறது.

'7.1' என்ற குறி: பெரும்பாலான ஹெட்போன்களில் காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிப்பான்கள் உள்ளன. பெட்டியில் அச்சிடப்படும் 7.1 என்பது மென்பொருள் கணக்கே. இவ்வசதி விண்டோஸ் இயங்குதளத்திலும் பல விளையாட்டுகளிலும் உண்டு. இரண்டு இடங்களில் ஒருசேர இயக்கினால் திசை குழம்பும் என்பதால் ஒன்றை மட்டுமே இயக்க வேண்டும்.

கணினி உதிரிப் பாகங்களுக்குச் சென்னையின் ரிச்சி தெருவும் பெங்களூரின் எஸ்.பி. சாலையும் பெயர் பெற்றவை. தருமபுரி, பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. இணையத்தில் வாங்கினால் அணிந்து பார்க்க இயலாது. எனவே திருப்பி அனுப்பும் வசதியை முன்கூட்டியே உறுதிசெய்வது தேவையாகிறது.

செவிப் பாதுகாப்பு

ஒலி அட்டை பழுதானால் மாற்றலாம். உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்தால் மனிதரில் அவை மீண்டும் வளர்வதில்லை. உலகில் 12 முதல் 35 வயது வரையுள்ளோரில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பற்ற கேட்கும் பழக்கத்தால் செவித்திறன் இழக்கும் ஆபத்தில் உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்பதும், சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்பதும் அந்நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லைகள். ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. 83 டெசிபலில் 20 மணி நேரம், 86 டெசிபலில் 10 மணி நேரம், 89 டெசிபலில் 5 மணி நேரம் என அது சுருங்கும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் உரத்த ஒலியில் ஆடும் ஒருவர் வாரம் முடியும் முன்பே எல்லையைக் கடந்துவிடுவார்.

2024 சனவரியில் பிஎம்ஜே பப்ளிக் ஹெல்த் இதழில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 14 ஆய்வுகளைத் திரட்டியது. விளையாடுவோர் கேட்கும் ஒலியளவு பல நேரங்களில் பாதுகாப்பு எல்லையை நெருங்குவதையோ கடப்பதையோ அது சுட்டிக்காட்டியது. 2025இல் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் விளையாட்டுகளில் பாதுகாப்பாகக் கேட்பதற்கான தரத்தை வெளியிட்டன.

காலடி ஓசை மெல்லியது, வெடியோசை உரத்தது. மெல்லியதைக் கேட்க ஒலியளவைக் கூட்டும்போது உரத்ததும் சேர்ந்தே கூடுகிறது. விளையாட்டு ஒலியின் தனி ஆபத்து இதில்தான் உள்ளது. சில விளையாட்டுகளின் அமைப்புகளில் உள்ள 'இரவு முறை' போன்ற வசதிகள் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைக்கின்றன. வெளியோசையைத் தடுக்கும் நல்ல மெத்தையும் ஒலியளவைக் கூட்ட வேண்டிய தேவையைக் குறைக்கிறது. ஹெட்போன் அணிந்த நிலையில், கையெட்டும் தூரத்தில் உள்ளவர் பேசுவது கேட்கவில்லை எனில் ஒலி மிகுதி என்று கொள்ளலாம். ஆடி முடித்தபின் காதில் ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை; அது தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுக வேண்டும்.